ஒரு கையை நம்பி ஓடிய அக்டோபர்: சியாட்டில் மரினர்ஸ், 1995

1995 அக்டோபர் 8 இரவு, வழக்கமான ஒன்பதைத் தாண்டிப் போன 11-ஆவது இன்னிங்ஸில், சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் அணியின் எட்கர் மார்ட்டினெஸ் இடதுபக்கக் கோட்டை ஒட்டி ஒரு பந்தை அடித்தார். சியாட்டிலில் அந்த அடியை இன்றும் 'தி டபிள்' என்றே சொல்கிறார்கள் (அடித்தவர் இரண்டாவது பேஸ் வரை ஓட முடிகிற அடிக்கு டபிள் என்று பெயர்). பேஸ்பால் பார்க்காதவர்கள்கூட அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த ஒரு அடிதான் ஊரில் பேஸ்பாலைக் காப்பாற்றியது, புது மைதானத்தைக் கட்டிக்கொடுத்தது என்றுதான் கதை சொல்லப்படுகிறது.

அந்த சீசனை ஏப்ரலிலிருந்து விடாமல் பின்தொடர்ந்தவன் நான். கதையை 11-ஆவது இன்னிங்ஸில் ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த அடி அவசியமாகும் நிலைக்கு மரினர்ஸ் எப்படி வந்தார்கள்? நியூயார்க்கில் யாங்கீஸிடம் முதல் இரண்டு ஆட்டங்களையும் ஏன் தோற்றார்கள்? எட்கர் அடித்த பிறகும் ஏன் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்குப் போகவில்லை? இந்த மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. மரினர்ஸின் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், ராண்டி ஜான்சனால் எந்தெந்த நாளில் பந்து வீச முடிந்தது, எந்தெந்த நாளில் முடியவில்லை என்று பார்த்தால் அந்த அக்டோபர் முழுவதும் புரிந்துவிடும்.

முதலில் பின்னணி. மரினர்ஸ் 1977-இல் தொடங்கிய அணி. தோல்விகளைவிட அதிக வெற்றிகளோடு ஒரு சீசனை முடிக்கவே 1991 வரை ஆனது. அதற்குள் அணியை ஃப்ளோரிடாவின் டாம்பாவுக்குக் கொண்டுபோகும் பேச்சு எழுந்துவிட்டது. 1992-இல் நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி பணம் போட்டு, உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து அணியை வாங்கியதால்தான் அது ஊரில் தங்கியது. (அவர் மரினர்ஸ் ஆடிய ஓர் ஆட்டத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை.) மைதானமோ கிங்டோம், கான்கிரீட் கூரை போட்ட ஒரு பெரிய உருண்டை. 1994 ஜூலை 19 அன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு அந்தக் கூரையிலிருந்து நான்கு ஓடுகள் காலி இருக்கைகள் மேல் விழுந்தன. ரசிகர்களை இன்னும் உள்ளே விடவில்லை என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு அணி வெளியூரிலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 12 அன்று வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. அந்த ஆண்டு உலகத் தொடரே நடக்கவில்லை.

வேலைநிறுத்தம் அடுத்த ஏப்ரலில்தான் முடிந்தது. அதனால் 1995 சீசன் தாமதமாகத் தொடங்கியது, 162 ஆட்டங்களுக்குப் பதில் 144 மட்டும். நாடு முழுக்க ரசிகர்கள் கோபத்தில் இருந்தார்கள். கிங்டோமிலும் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். மே 26 அன்று நிலைமை இன்னும் மோசமானது. கென் கிரிஃபி ஜூனியர் ஒரு பந்தைத் துரத்திப் போய்ச் சுவரில் மோதிப் பிடித்தார். பந்து கையில் நின்றது, ஆனால் இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பேஸ்பாலிலேயே மிகப் பெரிய நட்சத்திரம் அப்போது அவர்தான். ஆகஸ்ட் நடு வரை அவர் இல்லை.

ஆகஸ்ட் 2 அன்று மரினர்ஸ், பிரிவில் முதலிடத்தில் இருந்த கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸைவிட 13 ஆட்டம் பின்தங்கி இருந்தார்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேஸ்பால் புள்ளிப் பட்டியலில் 13 ஆட்டம் பின்தங்குவது என்றால், முன்னால் இருப்பவர் தொடர்ந்து 13 ஆட்டம் தோற்று, நாம் அதே 13 நாளும் ஜெயித்தால்தான் சமமாக முடியும். மீதம் இருந்தது இரண்டு மாதம்.

அப்புறம் நடந்தது இரண்டு கதைகளின் கூட்டு. ஒன்று, ஏஞ்சல்ஸின் சரிவு. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) கேரி டிசார்சினா ஆகஸ்ட் தொடக்கத்தில் கட்டைவிரலில் காயம் பட்டு வெளியேறினார். அதன் பிறகு அந்த அணி தொடர்ச்சியாக ஒன்பது தோல்விகளை ஒருமுறை அல்ல, இரண்டு முறை சந்தித்தது. சியாட்டில் ரசிகர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அந்த சீசனை விளக்க முடியாது. எதிரி சரியாமல் 13 ஆட்ட இடைவெளியை யாராலும் அடைக்க முடியாது.

இன்னொன்று, மரினர்ஸின் எழுச்சி. ஜூலை கடைசி நாளில் சான் டியாகோவிலிருந்து பிட்சர் ஆண்டி பெனஸை வாங்கினார்கள். ஆகஸ்ட் நடுவில் வின்ஸ் கோல்மன் வந்தார், கிரிஃபியும் திரும்பினார். ஆனால் கிரிஃபி இல்லாத நாட்களில் அணியைத் தாங்கிப் பிடித்தது எட்கர் மார்ட்டினெஸ். அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .356, அதாவது நூறு வாய்ப்பில் கிட்டத்தட்ட 36 முறை பேஸைத் தொடும்படி அடித்திருக்கிறார். அமெரிக்கன் லீகிலேயே அதுதான் முதலிடம். ஜே பியூனர் 40 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, பந்து சுவரைத் தாண்டிப் போகும் அடி), டினோ மார்ட்டினெஸ் 31. இந்த வரிசைக்கு முன்னால் எந்த பிட்சருக்கும் மூச்சுவிட இடமில்லை.

ஆகஸ்ட் 24 அன்று யாங்கீஸுக்கு எதிராக, ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட் ஆன பிறகு, ஜான் வெட்லாண்டின் பந்தை கிரிஃபி ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். சீசன் திரும்பியது அன்றுதான் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது வாஷிங்டன் ஏரிக்குக் கிழக்கே வேலை. மாலையில் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், ரேடியோவில் டேவ் நீஹாஸின் குரல் ஓடும். 1977-இல் அணியின் முதல் ஆட்டத்திலிருந்தே வர்ணனை செய்தவர். தோற்றுக்கொண்டே இருந்த அணியின் ஆட்டங்களையும் அத்தனை ஆண்டுகளாக அக்கறையோடு சொன்ன மனிதர், செப்டம்பர் 1995-இல் ஒவ்வொரு இரவும் குரல் உயர்ந்து பேசுவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பக்கத்து வண்டியிலும் அதே குரல்தான் ஓடுகிறது என்பது ஜன்னல் வழியாகக் கேட்கும். "தோற்க மறுக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டைகள் முதலில் மைதானத்தில் தெரிந்தன, பிறகு கடை ஜன்னல்களிலும் வந்துவிட்டன.

இப்போது ஜான்சனுக்கு வருகிறேன். கிட்டத்தட்ட ஏழடி உயரம், இடது கை, மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். 1995-இல் அவர் 18 ஆட்டம் ஜெயித்து 2 மட்டுமே தோற்றார், 294 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்குவது). அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான், மரினர்ஸ் வரலாற்றில் அது முதல் முறை. கிரிக்கெட்டில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இன்றும் வீசி நாளையும் வீசலாம். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் நூறு பந்துக்கு மேல் முழு வேகத்தில் எறிந்துவிட்டு வழக்கமாக நான்கு நாள் ஓய்வெடுப்பார். அதைக் குறைத்தால் தோள் சோர்ந்துபோகும், வேகம் குறையும். ஜான்சன் வீசும் நாளில் மரினர்ஸ் எந்த அணியையும் ஜெயிக்கக்கூடியவர்கள். மற்ற நாட்களில் நிறைய ரன் கொடுத்து, அதைவிட நிறைய ரன் எடுத்து ஜெயிக்க வேண்டிய அணி. ஆகவே கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அடுத்து அவர் என்றைக்கு?

செப்டம்பர் கடைசி வாரத்தில் மரினர்ஸ் முன்னிலையில் இருந்தார்கள். கடைசித் தொடர் டெக்சாஸில். அங்கே கடைசி இரண்டு ஆட்டங்களையும் தோற்றார்கள். ஏஞ்சல்ஸோ கடைசி ஐந்தையும் ஜெயித்தார்கள். 144 ஆட்டம் முடிந்தபோது இரு அணிக்கும் 78 வெற்றி, 66 தோல்வி. பிரிவில் முதலிடம் பெறாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் வைல்டு கார்டு இடத்தை நியூயார்க் யாங்கீஸ் 79 வெற்றியோடு எடுத்துவிட்டதால், தோற்பவர் நேராக வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே ஓர் ஆட்டம் வைத்து முடிவு செய்ய வேண்டும். டாஸ் மூலம் அது ஏற்கெனவே சியாட்டிலுக்குக் கிடைத்திருந்தது.

டெக்சாஸில் அந்த இரண்டில் ஒன்றை ஜெயித்திருந்தால் ஜான்சன் ஓய்வோடு நியூயார்க்கில் முதல் ஆட்டத்தைத் தொடங்கியிருப்பார். அப்படி நடக்கவில்லை. அக்டோபர் 2, திங்கட்கிழமை, ஜான்சனை ஏஞ்சல்ஸுக்கு எதிராகவே இறக்க வேண்டி வந்தது. எதிரில் மார்க் லாங்ஸ்டன். 1989-இல் மரினர்ஸ் தங்களுடைய சிறந்த பிட்சரை மாண்ட்ரியாலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று இளைஞர்களை வாங்கினார்கள். கொடுத்தது லாங்ஸ்டனை. வாங்கிய மூவரில் ஒருவர் ஜான்சன். அந்த வியாபாரத்தின் இரண்டு பக்கமும் அன்று ஒரே மைதானத்தில் நின்றது.

ஏழாவது இன்னிங்ஸ் வரை 1-0. பேஸ்கள் மூன்றிலும் மரினர்ஸ் ஆட்கள். லூயிஸ் சோஹோவின் மட்டை உடைந்து, பந்து வலதுபக்கக் கோட்டோரம் உருண்டு, ஓரத்தில் பிட்சர்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் புகுந்தது. மூன்று பேரும் ஹோம் பிளேட்டுக்கு, அதாவது பேட்டர் நிற்கும் இடத்துக்கு, ஓடி வந்தார்கள், ஆளுக்கு ஒரு ரன். பந்தைத் திருப்பி எறிவதில் லாங்ஸ்டன் தவறு செய்ய, சோஹோவும் ஓடி வந்துவிட்டார். லாங்ஸ்டன் ஹோம் பிளேட் பக்கத்தில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்த காட்சி எனக்கு வருத்தமாகவே இருந்தது. சியாட்டிலுக்காக எத்தனையோ ஆட்டம் வீசியவர் அவர். கடைசியில் 9-1. ஜான்சன் முழு ஆட்டத்தையும் வீசினார், 12 ஸ்ட்ரைக் அவுட். அணி முதல் முறையாக பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது.

ஆனால் விலை என்ன? மறுநாள் நியூயார்க்கில் தொடர் ஆரம்பம், ஜான்சனைத் தொட முடியாது. ஐந்து ஆட்டத் தொடர், முதல் இரண்டும் யாங்கீ ஸ்டேடியத்தில். முதல் ஆட்டம் 9-6 தோல்வி. இரண்டாவது 15 இன்னிங்ஸ் போய், நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், மழையில் ஜிம் லெய்ரிட்ஸின் ஹோம் ரன்னில் 7-5 தோல்வி. அந்த ஆட்டத்தில் 12-ஆவது இன்னிங்ஸில் கிரிஃபி ஹோம் ரன் அடித்து முன்னிலை தந்திருந்தார். அதையும் காப்பாற்ற முடியவில்லை. 'ஜான்சன் இல்லாத மரினர்ஸ்' எப்படி இருக்கும் என்பதை அந்த இரண்டு இரவுகளும் காட்டின. யாங்கீஸ் பெரிய அணி என்பதால் தோற்றார்கள் என்று சொல்வது பாதி உண்மைதான்.

அக்டோபர் 6, கிங்டோம். ஜான்சன், மூன்று நாள் ஓய்வில். 7-4 வெற்றி. எதிர்பார்த்ததே.

அடுத்த நாள்தான் உண்மையில் அணி தன் சொந்தக் காலில் நின்ற நாள். 'தி டபிள்' பற்றிப் பேசுகிறவர்கள் நான்காவது ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது என் பெரிய குறை. யாங்கீஸ் 5-0 என்று ஓடிப்போய்விட்டார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் எட்கர் மூன்று ரன் ஹோம் ரன். எட்டாவது இன்னிங்ஸில் 6-6, பேஸ்கள் நிறைந்திருக்க, வெட்லாண்டுக்கு எதிராக எட்கர் மைதானத்தின் நடுப்பகுதிக்கு மேலே தூக்கி அடித்த நான்கு ரன் ஹோம் ரன். மொத்தம் ஏழு ரன்களை ஒரே ஆளின் மட்டை கொண்டுவந்தது. 11-8. எந்தப் பெரிய பிட்சரும் கைகொடுக்காமல், பேட்டிங்கை மட்டும் வைத்து, ஒருவர் தொடரைச் சமன் செய்தார். அந்தத் தொடரில் எட்கரின் சராசரி .571. இந்த ஆட்டம் இல்லாவிட்டால் அந்த டபிளும் இல்லை.

ஐந்தாவது ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை. எட்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது யாங்கீஸ் 4-2. அவர்களுடைய டேவிட் கோன் களைத்துப்போயிருந்தார், ஆனால் மேலாளர் பக் ஷோவால்டர் அவரை மாற்றவில்லை. கிரிஃபி ஹோம் ரன் அடித்தார், அந்தத் தொடரில் அவருக்கு ஐந்தாவது. பிறகு பேஸ்கள் நிறைந்தன. தன் 147-ஆவது பந்தை கோன் தரையில் குத்தி எறிய, டக் ஸ்ட்ரேஞ்ச் வாக் (நான்கு தவறான பந்துகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கி ஆட்டம் 4-4 ஆனது. ஒரு மனிதனின் கை எந்த அளவுக்கு மேல் தாங்காது என்பதை எதிரணியிலும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் மரியானோ ரிவேரா என்ற இளம் பிட்சரைக் கொண்டுவந்தார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸின் இரண்டு பேர் பேஸில், ஒருவரும் அவுட் இல்லை. மரினர்ஸ் மேலாளர் லூ பினெல்லா கையைத் தூக்கிக் காட்டியபோது, பக்கவாட்டிலிருந்து நடந்து வந்தவர் ஜான்சன். ஒரே ஒரு நாள் ஓய்வு. கிங்டோமில் 57,000-க்கும் மேற்பட்டவர்கள் போட்ட சத்தத்தில் டிவி ஒலிவாங்கிகளே திணறின. வேட் பாக்ஸ் ஸ்ட்ரைக் அவுட். பெர்னி வில்லியம்ஸ், பால் ஓ'நீல் இருவரும் பந்தை மேலே அடித்துக் கேட்ச் கொடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்த ஆட்டத்தின் உச்சம் இதுதான். மூன்று பேருமே தேர்ந்த பேட்ஸ்மேன்கள், அவருடைய கையில் பழைய பலம் பாதிகூட மிச்சம் இருந்திருக்காது. பத்தாவதையும் கடந்தார். 11-இல் ராண்டி வெலார்டேயின் அடியில் ஒரு ரன் போய்விட்டது, 5-4.

அந்தக் கடைசிப் பகுதியின் வீடியோவைப் பார்ப்பவர்கள் எட்கரை மட்டும் பார்க்க வேண்டாம். முதலில் ஜோயி கோரா. பந்தை மெல்லத் தட்டிவிட்டு, முதல் பேஸில் டான் மேட்டிங்லியின் கைக்குச் சிக்காமல் வளைந்து உருண்டு போய்ச் சேர்ந்தார். அடுத்து கிரிஃபி, நடுவே ஒரு அடி. கோரா மூன்றாவது பேஸில், கிரிஃபி முதல் பேஸில். எதிரில் ஜாக் மெக்டவல். ஒன்பதாவது இன்னிங்ஸில் இதே மெக்டவல் இதே எட்கரை ஸ்ட்ரைக் அவுட் செய்திருந்தார். அதே மாதிரிப் பந்தையே மறுபடியும் போட்டார். எட்கர் காத்திருந்து இடதுபக்கக் கோட்டோரம் தட்டினார். கோரா சாதாரணமாகவே வந்துவிட்டார், ஆட்டம் சமன். ஆட்டத்தை ஜெயித்தது கிரிஃபியின் ஓட்டம். முதல் பேஸிலிருந்து கிளம்பிய ஆள் மூன்றாவது பேஸை மூலை கூர்மையாக வெட்டித் திரும்பி வேகம் குறைக்காமல் ஹோமுக்குச் சறுக்கினார். அவர் சறுக்கி முடித்துப் படுத்தபடி சிரித்த முகத்தின் மேல் மொத்த அணியும் விழுந்தது. அடுத்து பேட் பண்ணத் தயாராக நின்றுகொண்டிருந்த இருபது வயதுப் பையன் அலெக்ஸ் ரோட்ரிகஸ்.

இனி மைதானக் கதை. செப்டம்பர் 19 அன்று, சியாட்டில் இருக்கும் கிங் கவுன்டியில் வாக்கெடுப்பு நடந்தது. விற்பனை வரியை 0.1 சதவீதம் கூட்டிப் புது மைதானம் கட்டலாமா என்பது கேள்வி. அணி உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்த வாரத்திலேயே அது மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. அக்டோபர் 30-க்குள் வழி பிறக்காவிட்டால் விற்றுவிடுவோம் என்று உரிமையாளர்கள் கெடு வைத்தார்கள். ஆளுநர் மைக் லோரி சிறப்புக் கூட்டத்தைக் கூட்ட, மரினர்ஸ் அடுத்த சுற்றில் ஆடிக்கொண்டிருந்த நாட்களில் மாநில சட்டமன்றம் வேறு வழியில் நிதித் திட்டத்தை நிறைவேற்றியது. கவுன்டியில் உணவகங்கள், மதுக்கடைகள் மேல் வரி, வாடகைக் கார் வரி, டிக்கெட் வரி, லாட்டரிப் பணம் என்று. மக்கள் 'வேண்டாம்' என்று வாக்களித்த ஒன்றை ஒரு மாதத்துக்குள் வேறு பெயரில் கொண்டுவந்தது சரியா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. ஆனால் அந்த அக்டோபர் இல்லாமல் எந்த சட்டமன்ற உறுப்பினரும் கைதூக்கியிருக்க மாட்டார் என்பதும் உண்மை. புது மைதானம் 1999 ஜூலையில் திறந்தது. கிங்டோமை 2000 மார்ச்சில் வெடிவைத்து இடித்தார்கள்.

அடுத்த சுற்றில் கிளீவ்லாந்து. 144-இல் 100 ஆட்டம் ஜெயித்த அணி. அவர்களுக்கு எதிராக முதல் ஆட்டத்துக்கு ஜான்சன் கிடையாது, பெனஸும் கிடையாது. பாப் வோல்காட் என்ற 22 வயது அறிமுக பிட்சரை அனுப்பினார்கள். முதல் மூன்று பேரையும் வாக்கில் விட்டுவிட்டு, ரன் எதுவும் கொடுக்காமல் அதிலிருந்து மீண்டு, 3-2 என்று ஜெயித்துக் கொடுத்தார். அந்தப் பையனின் இரவை இன்னும் அதிகமாகக் கொண்டாட வேண்டும். மூன்று ஆட்டம் முடிந்தபோது மரினர்ஸ் 2-1 என்று முன்னால் இருந்தார்கள். அத்தோடு வண்டி நின்றுவிட்டது. அடுத்த இரண்டும் போயின.

அக்டோபர் 17, ஆறாவது ஆட்டம். மறுபடி ஜான்சன், மறுபடி மூன்று நாள் ஓய்வு. 2, 6, 8, 13, 17 என்று அந்த அக்டோபரில் அவர் வீசிய தேதிகளை வரிசையாக வைத்தால் போதும். ஏழு இன்னிங்ஸ் வரை ஒரே ரன்தான் கொடுத்திருந்தார். எட்டில் முடியவில்லை. கேட்ச்சர் கையிலிருந்து ஒரு பந்து நழுவிப்போக, கென்னி லாஃப்டன் இரண்டாவது பேஸிலிருந்து நிற்காமல் ஹோம் வரை ஓடி வந்தார். 4-0. கோரா டக்-அவுட்டில் அழுதுகொண்டிருந்தார், ரோட்ரிகஸ் தோளில் கைபோட்டு உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் யாரும் எழுந்து போகவில்லை. வீரர்கள் திரும்ப வெளியே வரும்வரை கைதட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த அணி சீக்கிரமே கலைந்தது. டினோ மார்ட்டினெஸ் அதே டிசம்பரில் யாங்கீஸுக்கு. ஜான்சன் 1998-இல், கிரிஃபி 2000-இல், ரோட்ரிகஸ் அந்த ஆண்டு இறுதியில். 2001-இல் 116 ஆட்டம் ஜெயித்தும், மரினர்ஸ் உலகத் தொடரில் இதுவரை ஆடியதே இல்லை. யாங்கீஸ் பக்கத்தில் ஷோவால்டர் போனார், ஜோ டோரி வந்தார், அடுத்த ஐந்து ஆண்டில் நான்கு உலகத் தொடர்களை ஜெயித்தார்கள். அதில் பெரும்பங்கு ரிவேராவுடையது.

அதனால்தான் யாங்கீஸ் ரசிகர்கள் இன்றும் ஒரு வாதம் வைப்பார்கள்: ஐந்தாவது ஆட்டத்தில் ரிவேராவை முன்பே கொண்டுவந்திருந்தால், அல்லது மெக்டவலுக்காக அவரை எடுக்காமல் இருந்திருந்தால், டபிளே நடந்திருக்காது. கோனைக் கூடுதல் நேரம் வைத்திருந்தது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ரிவேரா அந்தத் தொடரில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை என்பதும் சரி. ஆனால் எட்கருக்கு எதிரில் அவரை நிறுத்தியிருந்தால் முடிந்திருக்கும் என்பதை ஏற்க மாட்டேன். இருவரும் 2019-இல் ஒரே மேடையில் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள், எட்கர் தன் பத்தாவது, கடைசி வாய்ப்பில். ரிவேராவே தனக்குக் கடினமானவர் என்று சொன்ன பேட்ஸ்மேன் எட்கர்தான். லீக் ஆட்டங்களில் ரிவேராவுக்கு எதிராக எட்கரின் கணக்கு 19-க்கு 11.